நாடுகள் நான்கு, நாட்கள் ஒன்பது

மோசல் நதியின் மேலுள்ள அந்தப் பாலத்தைக் கடக்க மோட்டார் சைக்கிளில் ஒரு நிமிடம்கூட ஆகாது. இந்தக் கரையில் லக்ஸம்பர்க் நாட்டின் ஷெங்கன் கிராமம். அந்தக் கரையில் ஜெர்மனியின் பெர்ல். பாலம் முடிந்ததும் வலப்பக்கம் திரும்பி ஐந்து நிமிடம் போனால் பிரான்சின் அபாக். தடுப்புக் கட்டை இல்லை. காக்கி உடை இல்லை. நீல நிறப் பலகையில் நட்சத்திர வட்டத்துக்கு நடுவே நாட்டின் பெயர் இருக்கும், அவ்வளவுதான். வண்டியின் கியரைக்கூட மாற்றாமல் மூன்று தேசங்களைத் தொட்டுவிடலாம்.

திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த இந்தச் சிறிய ஊரின் பெயர் உலகெங்கும் விசா அலுவலகங்களில் அன்றாடம் உச்சரிக்கப்படுவதற்குக் காரணம் ஒரு படகு. 1985 ஜூன் 14 அன்று இங்கே நதியில் நின்ற 'பிரின்செஸ் மாரி-ஆஸ்ட்ரிட்' என்ற படகில்தான் பெல்ஜியம், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, லக்ஸம்பர்க், நெதர்லாந்து ஆகிய ஐந்து நாடுகளின் பிரதிநிதிகள் தங்களுக்கிடையே எல்லைச் சோதனையைப் படிப்படியாகக் கைவிடும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 1995 மார்ச் 26 அன்று அது ஸ்பெயின், போர்ச்சுகல் உட்பட ஏழு நாடுகளில் நடைமுறைக்கு வந்தது. 2025 ஜனவரியில் பல்கேரியா, ருமேனியா நாடுகளின் நில எல்லைகளும் திறந்தபோது ஷெங்கன் பகுதி 29 நாடுகளாக விரிந்திருந்தது.

மோட்டார் சைக்கிள் பயணிக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? ஆனால் சிக்கல் தொடங்குவதும் இங்கேதான்.

காகிதத்தில் ஒரு கண்டம்

புனேயிலோ பெங்களூரிலோ கோயம்புத்தூரிலோ, லடாக் போய்வந்த தெம்போடு இரண்டு நண்பர்கள் மேஜை மேல் ஐரோப்பிய வரைபடத்தை விரிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். பத்து நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. விரல் நகர்கிறது. ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம், பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, பக்கத்திலேயே இத்தாலி, ஒட்டினாற்போல் ஆஸ்திரியா, இடையில் தக்கனூண்டு லீச்டன்ஸ்டைன். எல்லாமே அருகருகே இருக்கின்றன. மத்தியப் பிரதேசத்தைவிடப் பெரிய நாடுகள் இவற்றில் இரண்டே இரண்டு. அரை மணி நேரத்தில் எட்டு நாடுகள் கொண்ட திட்டம் தயாராகிவிடும்.

வரைபடம் பொய் சொல்வதில்லை. சொல்லாமல் விடுவதுதான் அதிகம். நெடுஞ்சாலையில் மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் போனால் எட்டு நாடுகளும் சாத்தியம்தான். ஆனால் அந்த நெடுஞ்சாலை எல்லா நாட்டிலும் ஒன்றுபோலவே இருக்கும்: இரும்புத் தடுப்பு, பெட்ரோல் பங்க், லாரி, காற்று. மோட்டார் சைக்கிளில் போவதற்கான காரணமே நதியோரச் சாலையும் மலை வளைவும்தான். அங்கே சராசரி வேகம் மணிக்கு 40 முதல் 50 கி.மீ. 200 கி.மீ. என்றால் ஐந்து மணி நேரம் வண்டி மேல். பெட்ரோல், சாப்பாடு, வழி தவறுதல், ஒரு கோட்டை முன்னால் நின்று வேடிக்கை பார்த்தல் எல்லாம் சேர்ந்தால் ஒரு முழு நாள் போய்விடும்.

ஆக, திட்டத்தின் முதல் கேள்வி 'எத்தனை நாடு?' என்பதல்ல. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நிதானம் இழக்காமல் ஓட்ட முடியும் என்பதுதான். பழகாத வண்டி, பழகாத பக்கம், பழகாத குளிர். இந்த மூன்றும் சேர்ந்த சாலையில் நாளுக்கு 200, மிஞ்சினால் 250 கி.மீ. போதும். ஏழாவது மணி நேரத்தில் வருகிற களைப்புக்குக் கொடுக்க வேண்டிய விலை பெரியது.

ஒன்பது நாள் கணக்கு

இந்தக் கணக்குக்குள் அடங்குகிற ஒரு பாதை உண்டு. தொடக்கமும் முடிவும் ஃபிராங்க்ஃபர்ட். இந்தியாவிலிருந்து நேரடி விமானம் உள்ள நகரம். வாடகை வண்டியை எடுத்த இடத்திலேயே விடுவதால் வேறு ஊரில் விடுவதற்கான தனிக் கட்டணமும் மிச்சம்.

விமானத்திலிருந்து இறங்கிய நாளில் வண்டியைத் தொடுவதில்லை. கோடையில் அங்கே கடிகாரம் இந்தியாவைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. உடம்பு அதை ஏற்றுக்கொள்ள ஓர் இரவாவது வேண்டும்.

முதல் நாள் பிங்கென் வழியாக ரைன் நதிக்கரை. பிங்கெனிலிருந்து கோப்லென்ஸ் வரை 65 கி.மீ. நீளமுள்ள இந்தப் பள்ளத்தாக்கை 2002இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. குன்றுக்குக் குன்று கோட்டை. கோப்லென்ஸில் ரைனும் மோசலும் கலக்கின்றன. அங்கிருந்து மோசல் கரையோரம் திரும்பி கோக்கெமில் இரவு. சுமார் 185 கி.மீ.

இரண்டாம் நாள் மோசல் நதி எப்படி வளைகிறதோ அப்படியே சாலையும் வளைகிறது. ட்ரியர் நகரில் ரோமானியர்கள் கட்டிய கருநிறக் கல்வாசலான போர்ட்டா நிக்ரா இன்னும் நிற்கிறது. 1818இல் கார்ல் மார்க்ஸ் பிறந்த வீடும் இதே ஊரில்தான். மாலையில் ஷெங்கன். லக்ஸம்பர்க்கில் பெட்ரோல் அண்டை நாடுகளைவிட மலிவு என்பதால் எல்லைப் பங்க்குகளில் ஜெர்மன், பிரெஞ்சு நம்பர் பிளேட்டுகள் வரிசை கட்டி நிற்கும். வந்தவரும் டேங்கை நிரப்பிக்கொள்ளலாம்.

மூன்றாம் நாள் மெட்ஸ் வழியாக வோஜ் மலைகளைத் தாண்டி அல்சாஸ் பகுதியின் கோல்மார். சுமார் 240 கி.மீ. நான்காம் நாள் பெட்டியைக் கட்டவே வேண்டாம். மலை மேல் ஒரு சுற்று, அதே அறைக்குத் திரும்புதல். ஐந்தாம் நாள் பாசல், லூசர்ன் வழியாக சுவிட்சர்லாந்தின் மைரிங்கன். ஆறாம் நாள் மூன்று கணவாய்கள். ஏழாம் நாள் காலி. எட்டாம் நாள் பெர்ன் வழியாக மீண்டும் ஜெர்மனி, ஃப்ரைபர்க். ஒன்பதாம் நாள் கருங்காடு எனப்படும் ஷ்வார்ட்ஸ்வால்டின் மலை முகட்டுச் சாலையில் ஃப்ராய்டன்ஷ்டாட்டிலிருந்து பாடன்-பாடன் வரை 60 கி.மீ. ஓட்டிவிட்டு, பிறகு நெடுஞ்சாலையில் ஃபிராங்க்ஃபர்ட். கடைசி நாள் மட்டும் 300 கி.மீ. தாண்டும், பாதி நெடுஞ்சாலை என்பதால் பரவாயில்லை.

மொத்தம் சுமார் 1,700 கி.மீ. நான்கு நாடுகள். இத்தாலியும் ஆஸ்திரியாவும் பட்டியலில் இல்லை. ஏழாம் நாள் ஏன் காலி என்று நண்பர்களில் ஒருவர் நிச்சயம் கேட்பார். அதற்குப் பதில் மலை மேல் இருக்கிறது.

விசா யாரிடம்?

நாடுகள் பலவாக இருந்தாலும் விசா ஒன்றுதான். ஆனால் அதை எந்த நாட்டிடம் கேட்பது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். விதி எளிது. பயணத்தின் முக்கிய நாடு, அதாவது அதிக நாள் தங்கும் நாடு எதுவோ அதனிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் கால் வைக்கும் நாடு. மேலே சொன்ன பாதையில் ஜெர்மனியில் நான்கு இரவு, சுவிட்சர்லாந்தில் மூன்று, பிரான்சில் இரண்டு, லக்ஸம்பர்க்கில் ஒன்று. எனவே ஜெர்மனி. எந்தத் தூதரகத்தில் சீக்கிரம் தேதி கிடைக்கிறதோ அங்கே விண்ணப்பித்துவிட்டு வேறு நாட்டில் சுற்றுவது வம்பை விலைக்கு வாங்குவதுதான். விண்ணப்பத்தோடு இணைக்கும் தங்குமிட ரசீதுகளே காட்டிக்கொடுத்துவிடும்.

பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக இருக்கும்போது போய் நிற்கக் கூடாது. 2024 ஜூனில் பெரியவர்களுக்கான கட்டணம் 90 யூரோவாக உயர்ந்தது. 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்கு ஒரு சலுகையும் வந்தது: முந்தைய மூன்று ஆண்டுகளில் இரண்டு ஷெங்கன் விசாக்களை முறையாகப் பயன்படுத்தியவர்கள் இரண்டு ஆண்டு செல்லுபடியாகும், பல முறை நுழையக்கூடிய விசா பெறலாம்.

எல்லையில் யாரும் கேட்பதில்லை என்பதற்காக பாஸ்போர்ட்டை ஹோட்டல் அறையில் விட்டுப் போவது தவறு. பிரான்ஸ் 2015இலிருந்தே எல்லைச் சோதனைக்கான தற்காலிக அனுமதியைப் புதுப்பித்துக்கொண்டு வந்தது. 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைக் கொண்டுவந்தது. ஷெங்கன் பாலத்துக்கு அப்பால் இருப்பதும் ஜெர்மனிதான். எல்லை இல்லாத ஐரோப்பா பிறந்த ஊரின் வாசலுக்கும் போலீஸ் திரும்பி வந்தது வரலாற்றின் சிறு கேலி. மேலும், சுவிட்சர்லாந்து ஷெங்கன் பகுதியில் உண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஆகவே அதன் எல்லையில் சுங்கத் துறை இன்னும் நிற்கிறது. பணமும் அங்கே யூரோ அல்ல, ஃபிராங்க்.

வண்டியும் காப்பீடும்

சொந்த வண்டியை இந்தியாவிலிருந்து அனுப்புவது மாதக்கணக்கில் சுற்றுபவர்களுக்குப் பொருந்தும். பத்து நாளுக்கு வாடகைதான் வழி. பெரிய எஞ்சின் கொண்ட சுற்றுலா வண்டிக்கு நாள் வாடகை 100 யூரோவைத் தாண்டுவது சாதாரணம். ஆனால் இந்தப் பாதைக்குப் பெரிய எஞ்சின் கட்டாயமில்லை. சென்னை அருகே தயாராகும் ராயல் என்ஃபீல்ட் வண்டிகள் ஐரோப்பாவிலும் விற்பனையாகின்றன, வாடகைக்கும் கிடைப்பதுண்டு. கை பழகிய வண்டி கிடைத்தால் ஒரு கவலை குறைவு.

ஒப்பந்தத்தில் நான்கு வரிகளைத் தேடிப் படிக்க வேண்டும். நாளுக்கு எத்தனை கி.மீ. வரை இலவசம்? எந்தெந்த நாடுகளுக்கு வண்டியைக் கொண்டுபோகலாம்? விபத்து நடந்தால் வாடிக்கையாளர் தன் பையிலிருந்து கட்ட வேண்டிய தொகை எவ்வளவு? கிரெடிட் கார்டில் முன்பணமாக முடக்கப்படும் தொகை எவ்வளவு? கடைசித் தொகை சில சமயம் மொத்த வாடகையைவிட அதிகமாக இருக்கும். அதற்கு இடம் இல்லாத கார்டோடு கவுன்டரில் நிற்பவருக்கு வண்டி கிடைக்காது.

இந்திய லைசென்சில் கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கான அனுமதி இருக்க வேண்டும். அதோடு ஆர்டிஓ அலுவலகம் தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி. இது ஓராண்டு செல்லும். தனியாக இதற்கு மதிப்பில்லை. மூல லைசென்சையும் சேர்த்துக் காட்ட வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, அதிகம் பேர் கோட்டை விடுவது, மருத்துவக் காப்பீடு. ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தபட்சம் 30,000 யூரோ காப்பீடு கட்டாயம். டிராவல் ஏஜென்ட் ஐந்து நிமிடத்தில் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுவார். விசாவுக்கு அது போதும். ஆனால் அதன் சிறிய எழுத்துகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது நேரும் காயங்களுக்குப் பொறுப்பில்லை என்றோ, குறிப்பிட்ட சி.சி.க்கு மேற்பட்ட வண்டிக்குப் பொருந்தாது என்றோ இருக்கலாம். ஆல்ப்ஸ் மலையில் காலை உடைத்துக்கொண்டவரைத் தூக்க வருவது பெரும்பாலும் ஹெலிகாப்டர். அந்தச் செலவும், பிறகு மருத்துவமனைச் செலவும் யார் தலையில் விழும் என்பதை இந்தியாவில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. பதிலை எழுத்தில் வாங்குவது இன்னும் நல்லது.

உடை விஷயத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பிடிவாதம். பிரான்சில் 2016 நவம்பர் முதல் தரச்சான்று பெற்ற கையுறை கட்டாயம். ஒளிரும் மேலங்கியும் கைவசம் இருக்க வேண்டும். ஹெல்மெட்டில் ஐரோப்பியத் தர முத்திரை வேண்டும் என்பதால் அதை மட்டும் அங்கேயே வாடகைக்கு எடுப்பது எளிது. ஜாக்கெட், பூட்ஸ், மழையுடை ஆகியவை சொந்தமாக இருக்கட்டும்.

மலை மேல் பழைய எல்லை

நான்காம் நாளுக்கு வருவோம். கோல்மாரிலிருந்து மேற்கே ஏறினால் வோஜ் மலையின் முகடு. அதன் மேல் சுமார் 80 கி.மீ. ஓடுகிறது 'ரூட் தெ கிரேட்', அதாவது முகட்டுச் சாலை. இருபுறமும் புல்வெளி, கீழே பைன் காடு, தெளிந்த நாளில் தொலைவில் ஆல்ப்ஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் ஐரோப்பாவின் பாதி மோட்டார் சைக்கிள்கள் இங்கேதான் இருக்கின்றனவோ என்று தோன்றும்.

இந்தச் சாலையை யாரும் அழகுக்காகப் போடவில்லை. முதல் உலகப் போரின்போது பிரெஞ்சு ராணுவம் போர்முனைக்கு ஆளும் பொருளும் அனுப்புவதற்காக அமைத்தது. ஜெர்மன் பீரங்கிகளின் கண்ணில் படாமல் இருப்பதற்காகவே பெரும்பாலும் முகட்டின் மேற்குச் சரிவில் அமைந்தது. காரணம், 1871 முதல் 1918 வரை இந்த முகடுதான் இரண்டு நாடுகளுக்கும் எல்லை. இன்று காபி குடிக்க வண்டிகள் நிற்கும் ஷ்லுஹ்ட் கணவாய், 1,139 மீட்டர், அந்நாளில் எல்லைச் சாவடி.

அல்சாஸில் 1870இல் பிறந்த ஒருவர் 1945 வரை வாழ்ந்திருந்தால், வீட்டை விட்டு நகராமலே நான்கு முறை நாடு மாறியிருப்பார்: 1871இல் ஜெர்மனி, 1918இல் பிரான்ஸ், 1940இல் ஜெர்மனி, 1945இல் மீண்டும் பிரான்ஸ். பல ஊர்களில் தெருப் பெயர்கள் இன்றும் இரண்டு மொழியில் எழுதப்பட்டிருக்கின்றன. சாலையின் தென்கோடியில் ஹார்ட்மான்ஸ்வில்லர்கோப் என்ற குன்று. அதைப் பிடிக்க 1915இல் இரு தரப்பும் மாறி மாறி மோதின. பாறையில் வெட்டிய பதுங்குகுழிகள் அப்படியே இருக்கின்றன. பக்கத்திலேயே ஆயிரக்கணக்கான வீரர்களின் கல்லறைகள். 2017 நவம்பரில் பிரான்ஸ், ஜெர்மனி அதிபர்கள் இருவரும் சேர்ந்து அங்கே ஓர் அருங்காட்சியகத்தைத் திறந்துவைத்தார்கள்.

இரண்டு நாள் முன்பு ஷெங்கன் பாலத்தில் ஒரு நிமிடத்தில் கடந்தது என்ன என்பது இந்தக் குன்றின் மேல் நிற்கும்போதுதான் உறைக்கும். எட்டு நாடுகள் கொண்ட திட்டத்தில் இதற்கு நேரம் இருக்காது. நெடுஞ்சாலை இந்த மலைக்குக் கீழே, சமவெளியில், விர்ரென்று போய்விடுகிறது.

பனி வைக்கும் பரீட்சை

லடாக்கின் கார்துங் லாவில் ஏறியவர்களுக்கு ஆல்ப்ஸ் கணவாய்களின் உயரம் அலட்சியத்தைத் தரலாம். ஃபுர்கா 2,429 மீட்டர். சுஸ்டன் 2,224. கிரிம்சல் 2,164. மூன்றுமே ஊட்டியின் தொட்டபெட்டா சிகரத்தைவிடத் தாழ்வு. ஆனால் தொட்டபெட்டாவில் உறைபனியோடு சரி. ஃபுர்காவில் பனி ஆண்டின் பாதிக்கு மேல் சாலையை மூடிவிடுகிறது. வழக்கமாக ஜூன் மாதம்தான் திறக்கிறார்கள், அக்டோபரில் மூடிவிடுகிறார்கள். நடுக்கோடையிலும் ஒரே இரவில் பனி பெய்து சாலை அடைபடுவதுண்டு.

ஏழாம் நாள் காலியாக இருப்பது இதற்குத்தான். ஆறாம் நாள் காலையில் மலை மேல் மேகம் இறங்கியிருந்தால், நண்பர்கள் அறையிலேயே உட்கார்ந்து மறுநாள் போகலாம். மைரிங்கனில் பொழுது போகாமல் இருக்காது. ஷெர்லக் ஹோம்ஸ் விழுந்து இறந்ததாக கானன் டாயில் எழுதிய ரைஹன்பாக் அருவி ஊரின் ஓரத்திலேயே இருக்கிறது. ஒதுக்கி வைத்த நாள் இல்லாதவர் என்ன செய்வார்? மறுநாள் வேறு நாட்டில் பணம் கட்டிய அறை காத்திருக்கும். ஈரச் சாலையில், விரல் மரத்துப்போக, எதிரே பத்து மீட்டர்கூடத் தெரியாத மூடுபனியில் ஏறுவார். ஆல்ப்ஸ் விபத்துகளுக்குத் தனி வில்லன் தேவையில்லை. ஓர் இறுக்கமான அட்டவணை போதும்.

வானம் தெளிந்தால் சுமார் 120 கி.மீ. சுற்று காத்திருக்கிறது. முதலில் சுஸ்டன். 1938 முதல் 1945 வரை மோட்டார் வண்டிகளுக்கென்றே திட்டமிட்டுக் கட்டப்பட்ட சாலை. இறங்கினால் வாசன், பிறகு ஷோலனன் என்ற மலையிடுக்கு வழியாக ஆண்டர்மாட். அங்கிருந்து ஃபுர்கா. 1964இல் வெளிவந்த ஜேம்ஸ் பாண்ட் படம் 'கோல்ட்ஃபிங்கர்' கார் காட்சிகள் படமான வளைவுகள் இவை. அருகே ரோன் நதி பிறக்கும் பனிப்பாறை. கோடையில் உருகும் வேகத்தைக் குறைக்க அதன் ஒரு பகுதியை வெள்ளைத் துணியால் போர்த்திவைக்கிறார்கள். அந்தக் காட்சி ஒரு நோயாளியை நினைவூட்டும். கடைசியாக, அணைக்கட்டுகளின் ஓரம் கிரிம்சல்.

சுவிஸ் நெடுஞ்சாலையில் போக மோட்டார் சைக்கிளுக்கும் 40 ஃபிராங்க் ஆண்டுச் சீட்டு வேண்டும். 2023 ஆகஸ்ட் முதல் நம்பர் பிளேட் பெயரில் மின்னணு முறையிலும் வாங்கலாம். ஜெர்மனியிலும் லக்ஸம்பர்க்கிலும் மோட்டார் சைக்கிளுக்குச் சாலைக் கட்டணம் இல்லை. பிரான்சில் கட்டணச் சாலைகள் உண்டு. இந்தப் பாதையில் அவற்றைத் தொடாமலே போய்விடலாம்.

எட்டாம் நாள் வழியில் வரும் பெர்னில் ஒரு நிறுத்தம் போடலாம். 1980களிலிருந்து இலங்கைத் தமிழர்கள் பெருமளவில் அடைக்கலம் தேடி வந்து வேரூன்றிய நாடு சுவிட்சர்லாந்து. 2014 டிசம்பரில் பெர்னில் திறக்கப்பட்ட 'மதங்களின் இல்லம்' என்ற கட்டடத்தில் பள்ளிவாசலும் தேவாலயமும் இருக்கும் அதே கூரையின் கீழ் அவர்கள் வழிபடும் இந்துக் கோயிலும் இருக்கிறது. ஒரு வாரமாகத் தமிழ் காதில் விழாதவருக்கு அது சின்ன ஆறுதல்.

வலப்பக்கம் என்ற வியாதி

வலப்பக்கம் ஓட்டுவது முதல் நாள் பயத்தில் நன்றாகவே வரும். ஆபத்து மூன்றாம் நாள் வருகிறது. காலையில் ஆளில்லாத பெட்ரோல் பங்க்கிலிருந்து வெளியேறும்போது, படம் எடுக்க நின்றுவிட்டுத் திரும்ப ஏறும்போது, கை தானாக இடப்பக்கம் திருப்பும். பின்னால் வருபவர் கத்திச் சொல்ல ஒரு நண்பர் இருப்பது நல்லது. பெட்ரோல் டேங்கின் மேல் அம்புக்குறி ஒன்றை ஒட்டிவைப்பது அதைவிட நல்லது.

இந்தியர்களுக்குப் பழக்கமில்லாத இன்னொரு விதி, வலப்பக்கத்துக்கு முன்னுரிமை. பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கச் சந்திலிருந்து வருகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். அது குறுகிய தெருவாக இருக்கலாம், வருவது டிராக்டராக இருக்கலாம். அவர் நிற்க மாட்டார், நிற்கவும் வேண்டியதில்லை. மஞ்சள் நிற வைர வடிவப் பலகை இருந்தால் மட்டுமே நேர்ச் சாலையில் போகிறவருக்கு முன்னுரிமை.

வேக வரம்பு ஊருக்குள் பொதுவாக 50. ஊருக்கு வெளியே ஜெர்மனியில் 100, லக்ஸம்பர்க்கில் 90, சுவிட்சர்லாந்தில் 80. பிரான்சில் 2018 ஜூலையில் இருவழிச் சாலைகளின் வரம்பு 90இலிருந்து 80ஆகக் குறைந்தது. பிறகு சில மாவட்டங்கள் 90க்குத் திரும்பின. அங்கங்கே உள்ள பலகைதான் இறுதி வார்த்தை. சுவிட்சர்லாந்தில் மிதமிஞ்சிய வேகம் அபராதத்தோடு முடிவதில்லை. 80 வரம்புள்ள சாலையில் 140 தொட்டால் அது கிரிமினல் குற்றம், சிறைக்கும் இடமுண்டு.

சத்தமும் அங்கே ஒரு பிரச்சினை. கோடை முழுவதும் மோட்டார் சைக்கிள் ஓலத்தைக் கேட்டுச் சலித்த மலைக் கிராமங்கள் திருப்பி அடிக்கத் தொடங்கியிருக்கின்றன. 2020இல் ஆஸ்திரியாவின் டைரோல் மாநிலம், ராய்டெ மாவட்டத்தின் சில சாலைகளில் 95 டெசிபலுக்கு மேல் சத்தம் போடும் மோட்டார் சைக்கிள்களைக் கோடையில் தடை செய்தது. ஜெர்மனியில் வாரக் கடைசியில் மோட்டார் சைக்கிள்களுக்கு மூடப்படும் சாலைகள் உண்டு.

ஞாயிற்றுக்கிழமையை யோசித்துப் பயன்படுத்த வேண்டும். ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் அன்று லாரிகளுக்குத் தடை என்பதால் நெடுஞ்சாலை காலியாக இருக்கும். மலைச் சாலையோ உள்ளூர் பைக்குகளால் நிரம்பி வழியும். எனவே ஞாயிறன்று ஊர் மாறுவது, செவ்வாய் புதனில் மலை ஏறுவது என்று அட்டவணை போடலாம். கடைகளும் அன்று மூடியிருக்கும். சைவச் சாப்பாட்டுக்காரர்கள் சனி மாலையே ரொட்டி, சீஸ், பழம் வாங்கி வைத்துக்கொள்ளாவிட்டால் பட்டினிதான். செப்டம்பர் முதல் பாதி இந்தப் பயணத்துக்கு நல்ல காலம். கணவாய்கள் திறந்திருக்கும், விடுமுறைக் கூட்டம் கலைந்திருக்கும், திராட்சை அறுவடை தொடங்கும்.

எங்கே விழுந்தாலும், எந்த நாட்டில் நின்றாலும் அவசர உதவிக்கு ஒரே எண்: 112.

கடைசிப் பக்கம்

முன்பெல்லாம் பாஸ்போர்ட்டின் பக்கங்களில் விழும் முத்திரைகள்தான் பயணத்தின் பெருமை. 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பா படிப்படியாக அதற்கும் விடைகொடுக்கத் தொடங்கியது. ஷெங்கன் பகுதியின் வெளி எல்லையில் முத்திரைக்குப் பதில் விரல் ரேகையும் முகப்படமும் கணினியில் பதிவாகும் முறை வந்தது. உள் எல்லைகளிலோ எப்போதுமே முத்திரை இல்லை.

எனவே ஃபிராங்க்ஃபர்ட்டில் வண்டிச் சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நண்பர்களின் கையில், நான்கு நாடுகள் போனதற்குக் காகிதச் சாட்சி ஒன்றும் இருக்காது. எட்டு நாடுகள் போயிருந்தாலும் இருந்திருக்காது. வண்டியின் மீட்டரில் 1,700 கி.மீ. கூடியிருக்கும். ஜாக்கெட்டில் கிரிம்சல் மழையின் ஈரம் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். யாரும் எதுவும் உடைத்துக்கொள்ளாமல் திரும்பியிருப்பார்கள்.

விமானத்தில் ஒருவர் மீண்டும் வரைபடத்தை விரிப்பார். இத்தாலி இன்னும் அங்கேயேதான் இருக்கும்.